பங்கில் வராத பாம்பு

எங்கள் வீட்டைப் பாகம் பிரித்தபோது பெரியவர்கள் எல்லாவற்றையும் பிரித்தார்கள். அண்டா, கிரைண்டர், முருங்கை மரத்தின் கிளைகள் வரைக்கும் பேச்சு நடந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் ஒரு சாரைப்பாம்பும் குடியிருந்தது.

கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. இந்தப் பக்கம் அப்பாவின் தறி, அந்தப் பக்கம் பெரியப்பாவின் தறி. வீடு கழுவினால் தண்ணீர் போவதற்காகச் சுவரின் அடியில் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். பாம்பு அதன் வழியாக இரண்டு வீட்டுக்கும் போய்வந்தது. தண்ணீர்க் குழாய் யார் பக்கம் என்கிற சண்டையில் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாம்புக்கு அந்தச் சண்டை தெரியாது.

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பாம்பைவிடப் பெரிய பயம் எலிதான். எலி ஒருமுறை தறியில் இழுத்துக் கட்டிய பாவில் வாய்வைத்தால், அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டே ஒரு நாள் போய்விடும். அதனால் சாரையை யாரும் அடிப்பதில்லை. சொந்தம் கொண்டாடுவதில்தான் தகராறு. எலி பிடித்தால் அது எங்கள் பாம்பு. அரிசி டின்னுக்குப் பின்னால் சுருண்டிருந்தால் அது அவர்கள் பாம்பு.

"உங்க பாம்பு இங்க வந்துகீது, கூப்டுக்கோங்க!" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கத்துவாள்.

"எங்க வூட்ல தின்னுட்டு அங்க படுக்கப் போயிகீது, ஒரு ஓரமா படுக்கட்டும்!" என்று பெரியம்மாவின் பதில் சுவர் தாண்டி வரும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அப்பா ஒரு முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தார். மறுநாள் விடிந்தால் கல்யாணம். அன்று சாயங்காலமே புடவையை வாங்கப் பெண் வீட்டார் வந்துவிடுவார்கள். இன்னும் ஒரு முழம் பாக்கி. மதியம் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்த அப்பா, பலகையில் உட்கார்ந்து தறிக் குழிக்குள் காலை விட்டார். விட்ட வேகத்தில் இரண்டு காலையும் மேலே இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். குழிக்குள் மிதிக்கட்டையைச் சுற்றிக்கொண்டு சாரை படுத்திருந்தது.

அம்மா ஒட்டடைக் கம்போடு வந்தாள். கம்பு இடித்துப் பாவு அறுந்தால் கல்யாணப் பெண் என்னத்தைக் கட்டுவாள் என்று அப்பா தடுத்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம். ஏதோ கிணற்றில் விழுந்த நல்ல பாம்பைப் பிடிக்கப் போயிருக்கிறார்களாம், வர நேரமாகுமாம். விஷமில்லாத எங்கள் பாம்புக்கு வரிசையில் கடைசி இடம்.

பாம்பு விஷயத்தில் பெரியப்பா கெட்டிக்காரர். "ஜல்தியா போய் உங்க பெரியப்பாவ இட்டுகினு வா" என்றாள் அம்மா.

"ஒண்ணும் வாணாம்" என்றார் அப்பா, பலகையைவிட்டு இறங்கத் தைரியமில்லாமல்.

நான் ஓடினேன். பெரியப்பா உடனே எழுந்துவிட்டார். ஆனால் எங்கள் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாரே! வாசற்படிக்குத்தான் சத்தியம், ஓட்டைக்கு இல்லை. தன் வீட்டுத் தரையிலேயே குப்புறப் படுத்து ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பினார்.

"உங்கப்பன அசையாம இருக்கச் சொல்லு" என்றது ஓட்டை.

"அசையாம இருக்கணுமாம்பா."

"அசையாமதான் கீறன்னு சொல்லு."

"அசையாமதான் கீறாராம் பெரியப்பா."

இருவருக்கும் நடுவே எட்டடிகூட இல்லை. நான் சொல்லாமலே எல்லாம் கேட்டது. இருந்தும் நான் விடவில்லை. அவ்வளவு முக்கியமான ஆளாக அதற்கு முன் நான் இருந்ததே கிடையாது.

"மிக்ஸி போடாதீங்க. யாரும் கத்தாதீங்க. அதுக்கு வழி தெரியும், தானா வரும்."

எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். அம்மாவும் மூடிக்கொண்டாள், எங்கள் வீட்டில் அதுவே அதிசயம். ஓட்டையில் பெரியப்பாவின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. சற்று நேரத்தில் குழியில் சரசரவென்றது. சாரை விளிம்பில் தலையைத் தூக்கி நிதானமாகப் பார்த்தது. பிறகு தன் வழியே கிளம்பியது. அந்த வழியில்தான் பெரியப்பாவின் முகம் இருந்தது.

"அண்ணா! மூஞ்ச எடுண்ணா!"

கத்தியது அப்பா. அந்தப் பக்கம் தடாலென்று ஒரு சத்தம். ஒரு சொம்பு உருண்டது. பெரியம்மா "ஐயோ" என்றாள். சாரை முழு நீளமும் ஓட்டைக்குள் போய் மறைந்தது.

"எடுத்துட்டேன்டா" என்றார் பெரியப்பா, மூச்சு வாங்க. "நீ உக்காந்து நெய்யி. பொண்ணு வூட்டுக்காரங்க வந்துடுவாங்க."

"சரிண்ணா."

சாயங்காலம் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாயிற்று. சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். மறுநாள் இருவரும் குழாயடியில் ஒருவரையொருவர் பார்க்காமல் போனார்கள். என் மானம் போயிற்று.

அடுத்த மாதம் குளியலறை பூசியதில் கொஞ்சம் சிமெண்ட் மீந்தது. ஓட்டையை அடைக்கச் சொன்னாள் அம்மா. "அடச்சா எலி வந்து பேஜார் பண்ணும்" என்று அப்பா மறுத்துவிட்டார். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு பாம்பு எந்தப் பக்கமும் வரவில்லை. ஓட்டை மட்டும் இருந்தது. பெரியப்பாவின் தறிச் சத்தம் அதன் வழியாக நாள் முழுக்க வரும். என்றைக்காவது காலையில் அது வரவில்லையென்றால், அப்பா ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைக் கூப்பிடுவார்.

"பாப்பா, அந்த வூட்ல பாம்பு கீதான்னு பாத்துட்டு வா."

நானும் போய் மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டு வருவேன். "பாம்பு இல்லப்பா. பெரியப்பா ஜுரத்துல படுத்துகினு கீறாரு. கஞ்சி குடிச்சிட்டாரு. நாளைக்கு எழுந்துடுவாராம்."

"நான் பாம்பத்தான கேட்டேன்" என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் அவர் தறி ஓடும்.

இல்லாத பாம்பைத் தேட என்னை இப்படி அலையவிடுகிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.