நான் கவரிங் என்று சொன்ன மோதிரம்

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். எதைக் கண்டாலும் எடை போட்டுப் பார்க்கிற புத்தி அங்கே ஒட்டிக்கொண்டது. உலோகம் தேடும் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாமிரபரணிப் படித்துறைகளில் அலைய ஆரம்பித்தபோது அந்தப் புத்தியும் கூடவே வந்தது. கிடைத்ததெல்லாம் பரிகாரத்துக்கு எறிந்த காசும் சோடா மூடியும் பித்தளை மோதிரமும்தான். ஆனாலும் அசலா போலியா என்று சொல்வதில் நான் பெரிய ஆள் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன். ஒரு காந்தம், சட்டைப்பையில் அடங்கும் தராசு, ஒரு டம்ளர். வித்தை முழுக்க போனில் வீடியோ பார்த்துக் கற்றது.

போன கோடையில் ஒரு காலை, படித்துறையில் ஒரு குடும்பம் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளை, குளிக்கும்போது மோதிரத்தை ஆற்றில் விட்டுவிட்டார். கல்யாணத்தன்று மாமனார் போட்ட மோதிரம். மாப்பிள்ளையின் அம்மா கரையில் நின்று மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். மருமகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அழுதாள். நான் கருவியோடு இறங்கி, கால் மணி நேரத்தில் மணலுக்குள்ளிருந்து எடுத்துவிட்டேன். பழைய காலத்து மோதிரம். முகப்பு உப்பலாக இருந்தது, வளையத்தின் உள்பக்கம் குறுக்கே ஆழமாக ஒரு கீறல்.

கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலேயே தராசை எடுத்தேன். மோதிரத்தில் 916 முத்திரை இல்லை. நூலில் கட்டி டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக் கணக்குப் பார்த்தேன். நகைத் தங்கம் தன் அளவுத் தண்ணீரைப்போலப் பதினேழு மடங்காவது கனக்க வேண்டும். இது பத்து மடங்குகூடத் தேறவில்லை.

"இது கவரிங்தாம்மா. பூச்சு நல்லாப் பூசியிருக்கான்" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க தாத்தா போட்டிருந்தது அத்தை. எங்கப்பா தன் கையில இருந்து கழத்திப் போட்டாவ" என்றாள் அந்தப் பெண். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்த்து, "சார், இன்னொரு தடவ பாருங்களேன்" என்றாள்.

"தராசு பொய் சொல்லாதும்மா" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்து நாள் கழித்து அவளுடைய அப்பா, படித்துறையில் விசாரித்து என் வீட்டைத் தேடி வந்தார். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்கிறவர். மோதிரத்தையும் மகளையும் சேர்த்து அவரிடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கைக்குட்டையை விரித்துக் காட்டினார். மோதிரம் இரண்டு துண்டாக இருந்தது. முகப்பின் தங்கத் தகட்டுக்குள்ளே பழுப்பாக அரக்கு. அதன் லேசுதான் என் கணக்கைக் கெடுத்திருந்தது.

பாட்டிமார் காதில் தொங்கும் பாம்படத்துக்குள் அரக்கு அடைத்திருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உப்பலான முகப்பைப் பார்த்த பிறகும் எனக்கு அது தோன்றவில்லை. உரைகல்லில் ஒரு தடவை உரசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

"திசையன்விளையில ஒரு நகைக்கடையில வச்சு வெட்டுனேன் அண்ணாச்சி. மாப்பிள்ள வீட்டுல கொண்டுபோய்க் காட்டுனா, வேற மோதிரத்த வெட்டிக் கொண்டாந்திருக்கேன்னு சொல்லுதாவ. அன்னைக்கு எடுத்துக் குடுத்தது நீங்கதான. இது அதுதான்னு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பிள்ள வீட்டுல அழுதுக்கிட்டே இருக்கா."

உள்பக்கத்துக் கீறல் அப்படியே இருந்தது. அதே மோதிரம்தான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

போகவில்லை. கம்பெனியில் வேலை என்றேன். அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்றேன். இரண்டுமே பொய். என்னைக் கும்பிட்டவர்கள் முன்னால் போய், எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அவ்வளவுதான் விஷயம். அதற்காக ஒரு பெண் வாழப்போன வீட்டை விட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா போனில் "தொந்தரவு பண்ணுதேனோ அண்ணாச்சி" என்று தொடங்குவார். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.

நாலாவது வாரம் அவரோடு போனேன். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் துண்டுகளைக் கையில் வைத்து, கீறலைக் காட்டி, இது அதே மோதிரம், அசல் தங்கம், தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். மாப்பிள்ளை, தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னைக்கு நாங்க கேக்காமலே சொன்னீய சார். இன்னைக்கு இவிய ஒரு மாசமா அலைஞ்சு கூட்டிட்டு வந்த பொறவு மாத்திச் சொல்லுதீய. இதுல எத நாங்க நம்புததுக்கு?"

அவளுடைய அப்பா துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தார். பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். அங்கே வந்ததும், "நீங்க வந்ததே பெருசு அண்ணாச்சி" என்று சொல்லி எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன்.