ரப்பர் யானையின் வால்முடி

கேசவனுக்கு உயிர் இல்லை. இரும்புச் சட்டத்தின்மேல் ரப்பர் தோல், உள்ளே மோட்டார். லிங்கம் சுவிட்சைப் போட்டால் காது விசிறும், தும்பிக்கை தண்ணீர் தெளிக்கும், வால் ஆடும். திருவனந்தபுரத்தில் சில சின்னக் கோயில்கள் நிஜ யானையை நிறுத்திவிட்டு, உற்சவத்துக்கு இதை வாடகைக்கு எடுக்கின்றன. முதலாளி அனில்.

லிங்கத்துக்கு வள்ளியூர்ப் பக்கம். விழிஞ்ஞத்தில் கட்டட வேலை பார்க்கும்போது சாரத்திலிருந்து விழுந்தான். கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன்பிறகு ஏணியில் நாலு படி ஏறினாலே கை நடுங்கும். அனிலிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். மேலே ஏறி நெற்றிப்பட்டம் கட்டுவது கூட வேலை பார்க்கும் ஜெயந்த். ஏணியைப் பிடித்துக்கொள்வது லிங்கம். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

மற்றத் தொந்தரவெல்லாம் வாலால்தான். யானை முடியை மோதிரமாகப் போட்டால் பயம் தெளியும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. நிஜ யானையின் முடியை விற்பது குற்றம். கேசவனின் முடிக்குச் சட்டம் எதுவும் இல்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு, பின்பக்கம் போய்ப் பிடுங்கினார்கள். நைலான் என்று தெரியாமல் பிடுங்கவில்லை.

“இது ஆனை வாலோ, எலி வாலோ?” என்றார் அனில். “இனியும் இப்படிக் கண்டால் பணிக்கு வேற ஆளை நோக்கும், கேட்டோ.”

லிங்கம் சாலைக் கடைத்தெருவில் நைலான் துடைப்பம் ஒன்று வாங்கினான். நாரை உருவி, கறுப்புச் சாயம் தோய்த்து, வாலில் ஒட்டினான். அன்றிலிருந்து ஒவ்வொரு உற்சவத்திலும் வாலருகே நின்று ஆட்களை விரட்டினான்.

கரமனைப் பக்கத்துக் கோயில் ஒன்றில் உற்சவத்தன்று ஜெயந்த் வரவில்லை. காய்ச்சல். அனில் போனில், “பட்டத்தை நீயே ஏறிக் கெட்டு. கொஞ்ச நேரப் பணிதானே,” என்றார்.

லிங்கம் ஏணியைச் சாத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த மாடம்மாள் அவனைப் பார்த்தாள். விழிஞ்ஞத்தில் அவனோடு கலவை சுமந்தவள். அவன் விழுந்தபோது கூட இருந்தவள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு யானைக்குப் பின்னால் போனாள். ஒரு முடியைப் பிடுங்கினாள்.

“மாடக்கா, நீயுமா? முதலாளிக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிருவான்.”

“ஒனக்குத்தாம்ல.” முடியை வளையமாக முடிந்து அவன் விரலில் திணித்தாள்.

“இது வாரியல் நாரு. நாந்தான் வாங்கி ஒட்டுனேன்.”

“எங்க ஒட்டுன?”

“வால்ல.”

“அப்போ ஆனை முடிதான். ஏறு.”

ஏறினான். கை எப்போதும்போல நடுங்கியது. மோதிரம் அதைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. நடுங்கும் கையாலேயே முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினான். பட்டம் இடப்பக்கம் சரிந்திருப்பதாகக் கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னார். மறுபடி ஏற வேண்டியிருந்தது.

“காத்துல வாழை எல ஆடுத மாதிரில்லா ஆடுன,” என்றாள் மாடம்மாள்.

“கட்டிட்டேம்லா.”

மோதிரத்தால் ஏறினான் என்று சொல்வதற்கில்லை. அது இல்லாமல் ஏறியிருப்பான் என்றும் சொல்வதற்கில்லை. அவன் அதைக் கழற்றவில்லை.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வாலருகே வந்து நின்று, அக்கம்பக்கம் பார்த்தாள். லிங்கம் அவளைக் கவனித்தான். பிறகு, தும்பிக்கைக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்க முன்பக்கம் போனான்.