பூங்காவுக்காக நான் எழுதிய மனு

நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. இந்த வித்தியாசத்தில்தான் என் குடும்பம் ஐந்து வருடமாக இரண்டாகக் கிடக்கிறது. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மகள் அவரோடு இருந்து படிக்கிறாள். எனக்குத் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்னக் கிளை நூலகம். வியாழக்கிழமை பூட்டிவிட்டு பஸ் ஏறினால், போய்ச் சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவேன். சாயங்காலம் அவள் வந்து பையை இறக்கும்போது நான் என் பையைத் தூக்குவேன். பௌர்ணமி வந்து குறுக்கே விழுந்தால் அதுவும் இல்லை. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

ஓசூர்ப் பக்கம் மாறுதல் கேட்டு வருடம் தவறாமல் எழுதிப்போட்டேன். பதிலே இல்லை. அந்தக் கடுப்பில் செய்த காரியம்தான் பூங்கா.

நூலகத்தைச் சுற்றி இருந்த காலி இடம் முழுக்க சீமைக்கருவேலம். அதற்குள் குவார்ட்டர் பாட்டில்கள், பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் எச்சில் இலைகள். சாயங்காலமானால் ஒரு பெண்கூட உள்ளே வரமாட்டாள். ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. வாசகர் வட்டத் தலைவரிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற சர்வேயர், எல்லாருக்கும் 'சார்'. மறுநாளே டேப்பைப் பிடித்து எல்லையை அளந்து கல் நட்டார். எதிரில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா பத்துப் பெண்களைக் கூட்டி வந்து முள்ளை வெட்டினாள்.

என் பங்கு மனு. கலெக்டர் ஆபீஸ் நடக்கிற தூரம்தான். எங்கள் பக்கத்தில் எது வேண்டுமானாலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பதுதான் வழக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது. 'சுற்றுவட்டாரப் பெண்களும் பிள்ளைகளும் அச்சமின்றி அமர ஓரிடம் வேண்டி' என்று எழுதிய வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கம்பிவேலி, போர்வெல், நான்கு சிமெண்டு பெஞ்ச், சுற்றி நடக்க ஒரு பாதை என்று ஒவ்வொன்றாக வந்தன. சார் எல்லா மனுவுக்கும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார்.

கேட் போட்டதும், சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தது.

"மேடம்தான் தினமும் வர்றாங்க. அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து, வெள்ளிக்கிழமை தவிர, காலை ஆறு மணிக்கு வாக்கிங் வருகிறவர்களுக்காக நான் கேட்டைத் திறக்கிறேன். ஐந்து நிமிடம் தாமதித்தால் போன் அடிக்கும்.

இந்த நேரம் பார்த்து மாறுதல் ஆணை வந்தது. ஓசூருக்கே. பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தேன். போனில் சொன்னதும், மகள் அலமாரியில் தன் சாமான்களையெல்லாம் ஒதுக்கி, என் புடவைகளுக்கு ஒரு தட்டைக் காலி செய்துவிட்டாள்.

சாரிடம் சொல்லப் போனபோது அவர் மண்டியிட்டுப் பாதை ஓரத்தில் புல் பதித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது ஆள். பூங்கா பாதியில் நிற்கிறது. எனக்குப் பதில் வேறு ஆள் உடனே வரமாட்டார், வாரத்துக்கு இரண்டு நாள்தான் நூலகம் திறக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நானே கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான் கேக்கல சார். அவங்களா போட்டுட்டாங்க. என்ன பண்றது" என்றேன்.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அதெப்படிங்க போடுவாங்க?"

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் எனக்காக ஒருவர் கோபப்படுவது சுகமாக இருந்தது. 

அடுத்த வாரமெல்லாம் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. ஏதோ பிரிவு உபசாரத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள் என்று நினைத்து, தெரியாத மாதிரி இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் எல்லாரும் பூங்காவில் கூடி நின்றார்கள். அக்கா ஒரு தூக்கில் கேசரி கொண்டு வந்திருந்தாள். சார் ஒரு காகிதத்தை நீட்டினார். பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று என் மாறுதல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

"திங்கக்கெழமை எல்லாரும் போய் மனு குடுத்தோம் மேடம். உங்களுக்குத் தெரிய வேணாம்னு இருந்தோம்" என்றார். பிறகு ஃபைலைத் திறந்து நகலைக் காட்டினார். "வரியெல்லாம் உங்களுதுதான். அங்கங்க மாத்திப் போட்டேன்."

பெண்களும் பிள்ளைகளும் தொடர்ந்து அச்சமின்றி அமர, இந்த நூலகரே இங்கு நீடிக்க வேண்டும் என்று இருந்தது. கீழே பக்கம் பக்கமாகக் கையெழுத்து. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது என்று நினைத்து யாரோ போட்டோ எடுத்தார்கள்.

கையோடு என்னை ஒரு மகிழங்கன்று நடச் சொன்னார்கள். "பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும். நீங்க இருந்து பாப்பீங்க" என்றார் சார். ஏழெட்டு வருடத்தில் என் மகள் கல்லூரியையே முடித்திருப்பாள்.

அந்தக் கன்றுக்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை. செத்துத் தொலையட்டும் என்றிருந்தேன். அது துளிர் விட்டது. இட்லிக்கடை அக்காதான் தினமும் ஒரு குடம் ஊற்றியிருக்கிறாள். "உங்களுக்கு வேலை ஜாஸ்தி, மறந்துருப்பீங்க" என்றாள். தாங்க முடியாமல் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே பஸ் ஏத்தி விட்டிருப்போமே மேடம்."

செய்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும், சாரிடம் சொல்லிவிடாதே என்றுதான் அவளைக் கேட்டுக்கொண்டேன்.

மகளிடம் மட்டும் சொல்லாமல் நாள் கடத்தினேன். போன வெள்ளிக்கிழமை சடை பின்னும்போது அவளே கேட்டாள்.

"எப்பம்மா வர்ற? தட்டு சும்மாவே இருக்குது."

"அங்க இருக்கறவங்க விடமாட்டேங்கறாங்கடி. மனு எழுதிக் குடுத்துட்டாங்க."

அவள் தலையைத் திருப்பவில்லை. பாதிப் பின்னல் என் கையில் இருந்தது.

"அப்ப நானும் ஒண்ணு எழுதறேன். யார் பேருக்கு எழுதணும்னு மட்டும் சொல்லு."

பெறுநர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் போட வேண்டும். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ரிப்பனைக் கட்டி, பஸ் வந்துவிடும் என்று அவளை அனுப்பிவைத்தேன்.