செல்வி அழாத செவ்வாய்க்கிழமை

போன செவ்வாய்க்கிழமை சேலத்து ஆஸ்பத்திரியில் செல்வி அழவில்லை.

செல்வி என் மகள். ஐந்து வயது. 'குழந்தைக்கு இப்போது எப்படி?' என்று என் எழுத்தைப் படிக்கிற உங்களில் பலர் கார்டு போடுகிறீர்கள். பதில் எழுதக் கை வரவில்லை... இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எழுதுவது போக எனக்குக் குமாரபாளையத்தில் சின்னதாய் ஒரு சாயப்பட்டறை உண்டு. வீட்டை ஒட்டியே. போன வருஷம் ஒருநாள் நூல் வெளுக்கக் காஸ்டிக் சோடா கரைத்தேன். மிச்சத்தை ஒரு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனேன். எவ்வளவு நேரம்? ஒரு பீடி பற்றவைக்கும் நேரம். விளையாடிவிட்டு வந்த குழந்தை, தண்ணீர் என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டது.

ஆம் - வைத்தது நான்தான்.

உயிர் தப்பியது. ஆனால் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிவிட்டது. பாலும் கஞ்சித் தண்ணீரும்தான் இறங்கும். பதினைந்து நாளுக்கொரு தடவை ரப்பர் குழாயைத் தொண்டைக்குள் விட்டு விரிக்க வேண்டும். கை கால் உதறாமல் இருக்க, துப்பட்டியில் சுற்றிக் கட்டுவார்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

ஒரு தடவை என் கையைக் கடித்தாள். இன்னொரு தடவை பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். "இன்னைக்குச் சும்மா பாப்பாங்க சாமி" என்று பொய் சொல்லி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவளே மேஜைமேல் ஏறிப் படுத்தாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"சுத்துங்கக்கா" என்றாள் நர்ஸிடம்.

"தங்கமான புள்ளை. பழகிட்டா" என்று அந்தம்மா மெச்சினார்.

அடம்பிடிக்கிற பிள்ளை, யாராவது நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று இன்னும் நம்புகிறது. அடம் நின்றுபோனால்...?

முடிந்ததும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "போன தடவை போன குழாய் இன்னைக்குப் போகலை. மறுபடியும் சுருங்குது."

"அப்ப என்னங்க பண்றது?"

"மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணலாம். பெரிய ஆபரேஷன். இந்த உடம்பு தாங்காது. எடை கொஞ்சம் ஏறட்டும்."

"சாப்பிட்டாத்தானுங்களே எடை ஏறும்?"

டாக்டர் நல்ல மனிதர். சீட்டில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது சங்ககிரியில் பஸ் நின்றது. முறுக்குக்காரர் ஏறினார். நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் பார்த்தேன். செல்வி என் சட்டையை இழுத்தாள். குரல் கரகரவென்று வந்தது.

"ஒண்ணு வாங்குங்கப்பா."

"உன்னால முடியாதே, சாமி."

"எனக்கில்லீங்கப்பா. நீங்க தின்னுங்க. நான் பாத்துக்கறேன்."

வாங்கினேன். என் வாயையே கண்கொட்டாமல் பார்த்தாள். நான் கடித்தபோது அவள் தாடையும் அசைந்தது.

கடித்துவிட்டேன். விழுங்கத்தான் குமாரபாளையம் வரைக்கும் ஆயிற்று.