கோழிப்பண்ணையில் நின்ற சிவப்பு வண்டி

அந்த வண்டி ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகைக்குள் நின்றது. ஒரு பக்கம் தீவன மூட்டைகள், இன்னொரு பக்கம் செத்த கோழிகளைப் போட்டு வைத்திருந்த தகர டிரம். நடுவில், சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த ஜப்பான் வண்டி. சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு படுத்த உடம்பு. பானெட்டின் மேல் முட்டை அட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கூண்டிலிருந்து தப்பிய கோழிகள் வண்டிக் கூரையில் உட்கார்ந்து போன அடையாளம் கண்ணாடி வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. வாயைத் திறந்தால் ஈ உள்ளே போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. சொந்த ஊர் வெண்ணந்தூர்ப் பக்கம். சூரமங்கலத்தில் லாரி எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தேன். லாரி எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றினாலே எங்களுக்குப் பதறும். ஒருமுறை மெட்ராஸ் பக்கம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்க்கப் போனேன். கையகல எஞ்சின்கள் ஏழாயிரம் எட்டாயிரம் என்று சுற்றி அலறிக்கொண்டு போயின. அதற்குப் பிறகு டீசலின் உறுமல் எனக்குச் சளி பிடித்தவன் இருமல்போலக் கேட்க ஆரம்பித்தது. அப்படி ஒரு வண்டி நாமக்கல் பக்கம் விலைக்கு நிற்கிறது என்று தாய்மாமா வந்து சொன்னபோது, ஏன் எதற்கு என்று கேட்காமல் அவருடைய அம்பாசிடரில் ஏறிவிட்டேன்.

பண்ணைக்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். பெரிய மனுஷர் என்று பார்த்ததுமே தெரிந்தது. கொட்டகை நாற்றம் அவருக்குத் தெரியவே இல்லை. வண்டியை ஆள் வைத்துத் துடைத்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. பின்சீட்டைத் தூக்கினேன். எலி குட்டி போட்டிருந்தது. ரோமம் முளைக்காத ஐந்தாறு குட்டிகள், பஞ்சுக்கு நடுவில் நெளிந்தன. பண்ணை ஆள் ஒருவர் வெறுங்கையால் அள்ளிக்கொண்டு போய் டிரம்மில் போட்டார்.

பின்பக்கக் கண்ணாடியில் கல்யாணத்துக்கு ஒட்டிய ஜிகினா எழுத்துகள் இன்னும் இருந்தன. மாப்பிள்ளை பெயரை மட்டும் பிளேடால் சுரண்டியிருந்தார்கள். பெண்ணின் பெயர் அப்படியே இருந்தது.

பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, அம்பாசிடர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தேன். கொஞ்சம் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. கூண்டுக் கோழிகள் அத்தனையும் ஒரே குரலில் அலறின. முட்டை நின்றுபோகும், வெளியே கொண்டு போங்கள் என்று பண்ணைக்காரர் கத்தினார்.

ராசிபுரம் ரோட்டில் ஓட்டினேன். நாலாயிரம் சுற்று வரைக்கும் அது சாதாரண வண்டிதான். ஐந்தாயிரம் தாண்டியதும் குரல் மாறியது. ஆறாயிரத்தில் முதுகு சீட்டோடு ஒட்டியது. முள் ஏழாயிரத்தைத் தொட்டபோது ரோட்டோரப் புளியமரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர்போல ஆகிவிட்டன. வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்றுக்காக ஒரு பொத்தானை அமுக்கினேன். உள்ளே உறைந்து கிடந்த கோழி எச்சம், இறகு, தவிட்டுத் தூசு எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தது. ஓரம் கட்டி நிறுத்தி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். ஆனாலும் வண்டி வேண்டும் என்றுதான் இருந்தது.

திரும்பி வந்ததும் பண்ணைக்காரர் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். காப்பி டம்ளர் விளிம்பெல்லாம் ஈ மொய்த்தது. அவர் கையால் ஓட்டிவிட்டுக் குடித்தார், நான் குடிக்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்த பெண் நிலைப்படி அருகிலேயே, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி நின்றாள். அவருடைய மகள் என்பது புரிந்தது.

குலத்தில் எந்தக் கூட்டம், காடு எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்டார். வண்டி விற்கிறவருக்கு எதற்கு என் கிணறு என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மாமா முந்திக்கொண்டு பதில் சொன்னார். அதுவரை என்னைத் தம்பி என்ற பண்ணைக்காரர் அதன் பிறகு மாப்பிள்ளை என்றார். அப்படிக் கூப்பிட மாமாவுக்கு உரிமை உண்டு. இவருக்கு என்ன உரிமை?

வண்டியின் கதையைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று தேடி அலைந்து வாங்கிக் கொடுத்த வண்டி. ஒரு வருஷம்கூட முடியவில்லை, மகள் திரும்பி வந்துவிட்டாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி உறவைத் தீர்த்துவிட்டார்கள். இவர் வண்டியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அந்தப் பயல் வண்டியை எப்படிக் கெடுத்திருக்கிறான் என்று நெடுநேரம் பேசினார். இடது கதவில் ஒரு சொட்டை, பின்பக்க பம்பரில் கீறல், கியர் போடும்போது ஒரு கரகரப்பு. சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கியது. பிறகு அதே குரலில் சொன்னார்:

"புள்ளைக்கும் ஒரு காது கேக்காதுங்க மாப்ள. அவன் அறைஞ்சதுல சவ்வு போயிருச்சு. ஆனா வெளிய ஒண்ணுந் தெரியாது."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா காப்பியைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது, என்னை வண்டி பார்க்கக் கூட்டி வரவில்லை என்று.

"வண்டிக்கு வெலையெல்லாம் எதுக்குங்க. ரெண்டையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் அந்தப் பெண்ணே பேசினாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"ஏனுங்க, வண்டிய ஓட்டிப் பாத்தீங்கள்ல. எப்பிடி இருக்குது?"

"எஞ்சின் நல்லாருக்குதுங்க" என்றேன்.

"அப்ப அதைய மட்டும் வெல பேசி எடுத்துட்டுப் போயிருங்க. அது இங்க நிக்கற வரைக்கும் எனக்கு மாப்பிள்ள வந்துக்கிட்டேதான் இருப்பாங்க."

உள்ளே போ என்று அப்பா அதட்டினார். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஈ ஓட்டியிருப்பார்கள் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. வண்டிக்கு மட்டும் என்ன விலை என்று கேட்டேன். சொல்லுகிற விலையைக் குறைக்காமல் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். தனியாகக் கொடுப்பதில்லை என்றார், சட்டையும் வேட்டியும் சேர்த்து விற்கிற ஜவுளிக்கடைக்காரர்போல.

எழுந்து அந்தப் பெண்ணைப் பார்த்து, "வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் தலையசைத்தாள்.

வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். நல்ல இடம், ஒரே மகள், பண்ணை பின்னால் யாருக்கு வரும் என்று யோசிக்க வேண்டாமா என்றார். ஆட்டையாம்பட்டி நெருங்கும்போது, "ஒரு காதுதானே மாப்ள. லாரி ஓட்டறவன்ல பாதிப் பேருக்கு ரெண்டு காதுமே கேக்கறதில்ல" என்றார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். டவுன் பஸ் பிடித்து வீடு போனால், அம்மா ஏற்கெனவே ஜாதகம் பார்த்து வைத்திருந்தாள். பத்துக்கு எட்டுப் பொருத்தமாம். சிவப்பு வண்டி வாசலில் நின்றால் சொந்தக்காரர்கள் வயிறு எரிவார்கள் என்று அவளுக்கு ஒரே குஷி. அன்றைக்கு அவள் வைத்த சோற்றை என்னால் தொட முடியவில்லை.

அதற்குப் பிறகு மாமாவோடு பேச்சு குறைந்துபோனது. அந்தப் பெண்ணை நினைக்காமல் இல்லை. நல்லபடியாகப் போய்ப் பெண் கேட்டால் என்ன என்றுகூட ஓரிரு முறை தோன்றியது. ஆனால் நானும் வண்டியை மோப்பம் பிடித்து வந்தவன்தான் என்றல்லவா அவள் நினைப்பாள்? போகவில்லை.

ஓரிரு வருஷம் கழித்துப் பண்ணைக்காரரே பட்டறைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். கோழிகளுக்கு நோய் வந்து கொட்டகை காலி என்றார். மகள் எங்கே என்று கேட்டேன். யாரிடமும் சொல்லாமல் கிளம்பி ஈரோட்டில் டீச்சர் டிரெயினிங் சேர்ந்துவிட்டாளாம். விடுதியில் இருக்கிறாளாம். லீவுக்குக்கூட வருவதில்லையாம். என் மனதுக்குள் ஏதோ லேசானது. வேலை கிடைத்துவிடும், நல்ல படிப்புதான் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இப்ப வண்டி மட்டுந்தானுங்க இருக்குது. எடுத்துக்கறீங்களா? அவ போனதுல அதும் வெல எறங்கிப் போச்சு" என்றார்.

அவர் சொன்ன விலைக்கு அது சும்மா கிடைத்த மாதிரி. ஏழாயிரத்தில் அந்த எஞ்சின் போட்ட சத்தம் ஒரு கணம் காதுக்குள் கேட்டது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாமுங்க என்றேன். ஏன் என்று கேட்டார், விலையைக் குறைத்தார், மறுபடியும் குறைத்தார். எதைச் சொன்னாலும் அவருக்குப் புரியப் போவதில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவருடைய செருப்புக் கால்கள் அங்கேயே நின்றன. அவை போகும் வரைக்கும் நான் வெளியே வரவில்லை.