மூன்று நாற்பதில் நின்ற ஆறு

ஆறு உச்சத்தைத் தொட்டுவிட்டது, இனி இறக்கம்தான் என்று மதுக்கடையில் யாரோ சொன்னார்களாம். தபால் வண்டிக்காரன் கெவ் அதைக் கொண்டுவந்து லோர்னாவிடம் சொன்னான்.

"எல்லாரும் போன்ல பாத்துட்டாங்க லோர்னா. நேத்து சாயங்காலத்துலேருந்து மூணு நாப்பது மீட்டர்லயே நிக்குதாம். ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

"வெள்ளத்துல ஆறு எங்கடா நிக்கும்? உன் வண்டிதான் நிக்கும், சேத்துல."

சிரித்துக்கொண்டே கடிதப் பையை வைத்துவிட்டுப் போனான். இனி வெள்ளிக்கிழமைதான் வருவான். அதுவரை ஆற்றோரத்திலிருந்த லோர்னாவின் பண்ணைப் பக்கம் மனித முகம் கிடையாது.

முப்பத்தொரு வருடம், காலை ஒன்பது மணிக்குக் கரையில் நட்ட அளவுப் பலகைகளைப் பார்த்து, நகரத்து ஆற்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் நீர்மட்டம் சொன்னவள் லோர்னா. கணவன் ஆல்ஃப் இறந்தபின் சில நாட்களில் அவள் பேசிய பேச்சே அவ்வளவுதான். மறுமுனைப் பெண் "இன்னிக்கு எப்படியிருக்கீங்க?" என்று கேட்பாள். இரண்டு வருடத்துக்கு முன் கருவி வந்தது. ஆற்றடியில் ஒரு குழாய், அதன் வழியே காற்றுக் குமிழி, அதன் அழுத்தத்தை வைத்து நீர்மட்டத்தைக் கணக்கிடும். எண் நேராக எல்லோர் போனுக்கும் போனது. அவளுக்கு நன்றிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகும் ஒன்பது மணிக்கு அவள் கரைக்குப் போகாமல் இல்லை. வந்து நோட்டில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். அடுப்பங்கரை கேட்டுக்கொள்ளும்.

இன்றைக்குப் பலகையில் நாலு அறுபத்தைந்து. நம்பாமல், தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு, பிளாஸ்க் தேநீரைக் குடித்தாள். கோப்பை காலியாவதற்குள் குச்சியின் அடி நனைந்துவிட்டது. குழாயின் வாயை வண்டல் மூடியிருக்க வேண்டும். அதனால்தான் கருவி பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆற்றின் போக்கில் நாற்பது கிலோமீட்டர் கீழே, இரண்டு கால்வாய்களுக்கு நடுவிலுள்ள மேட்டில் அயல் பண்ணைக்காரன் டெஸ் கின்னேன் எண்ணூறு ஆடுகளை விட்டிருந்தான். இங்கே ஐந்து மீட்டரைத் தாண்டினால் விடிவதற்குள் அந்த மேட்டுக்கு வழி அடைபடும். பிறகு மேடும் முழுகும். இன்று பொழுது சாய்வதற்குள் ஆடுகளைக் கரை சேர்த்தாக வேண்டும்.

முதலில் அலுவலகத்துக்குப் பேசினாள்.

"எங்க திரையில மூணு நாப்பதுதானே காட்டுது" என்றது ஓர் இளங்குரல்.

"திரைய விடுப்பா. குழாய் வாய் மண்ணுல பொதஞ்சு கெடக்கு."

"ஆள் வந்து பாக்கணும். வியாழக்கிழமை ஆயிடும். நீங்க யாரு பேசறது?"

"முன்னாடி அளவு சொல்லிட்டிருந்தவ."

அந்தக் குரலுக்கு விளங்கவில்லை. குறித்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டது.

இனி டெஸ்தான். போன வருடம் கம்பளி ஏற்றுமிடத்தில், பத்துப் பேர் நடுவே, "மெஷின் வந்தும் பலகைய எட்டிப் பாக்கறியாமே. ஆறு உன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏறுதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. ஆனால் அவ்வளவு தூரத்துக்கும் ஒரே அயல்வீடு அவனுடையதுதான்.

எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது. ஆள் வெளியில் இருக்கலாம். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமலும் இருக்கலாம். வைத்தாள். கரைக்கு ஓடிப் பார்த்தாள்: நாலு எழுபத்திரண்டு. திரும்பி வந்து மறுபடி சுழற்றினாள்.

"எடு டெஸ். திட்டணும்னா எடுத்துட்டுத் திட்டு."

அங்கே மணி அடித்துக்கொண்டேயிருந்தது.