லண்டனில் எடுத்த தூக்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று மன்னாரில் மூன்று மீன் லொறிகள் என் பெயரில் ஓடுகின்றன. மகனை லண்டனுக்கு அனுப்பியதும் இந்தக் கைதான். போன வாரம் அவன் தொலைபேசியில், "அப்பா, இங்க கொலைக்கும் தூக்கு இல்லை. எப்பவோ எடுத்திட்டாங்கள்" என்று பெருமையடித்தான். ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். எனக்கா சொல்கிறான்? ஊருக்கே அதை முதலில் வாசித்துச் சொன்னவன் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. வலைத் தகராறில் மாமா துடுப்பால் அடித்த ஆள் செத்துப்போனார். மாமாவுக்குத் தூக்கு என்று தீர்ப்பாகி, மேன்முறையீடு லண்டன்வரை போயிருந்தது. அந்தக் காலத்தில், சுதந்திரம் கிடைத்த பிறகும், இலங்கைக்குக் கடைசி நீதிமன்றம் அங்கேதான். உயிர்ப்பிச்சை கேட்டும் ஒரு மனு வேண்டும், ஊரார் கையெழுத்து வாங்குங்கோ என்று வழக்கை நடத்திய பிரக்கிராசி சொல்லியிருந்தார். மாமி அந்தத் தாளோடு வீடு வீடாக அலைந்தார்.

தேத்தண்ணிக் கடையில் பேப்பரை உரக்க வாசிப்பவன் நான்தான். பிரித்தானியாவில் கொலைக்கு மரண தண்டனை ஒழிப்பு என்று வாசித்ததும் கடைக்காரர் மேசையில் தட்டினார்.

"அட, பெரிய கோர்ட்டே அங்கதானே இருக்கு! இனி ஆரைத் தூக்கிறது? உன்ர மாமா வாறார், ஓடிப்போய்ச் சொல்லடா!"

ஓடினேன். கையெழுத்துப் போட இருந்தவர்களும், "இனி என்னத்துக்குப் பிள்ளை? மனிசன் வந்திடுவார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாதிப் பெயர்களோடு மனு அலுமாரிக்குள் போனது. மாமி மாமாவின் வள்ளத்துக்குத் தார் பூசுவித்தார்.

மேன்முறையீடு தள்ளுபடி என்று பதில் வந்தது. "அது அவங்கட நாட்டுக்குப் போட்ட சட்டம். எங்களுக்கில்லை" என்றார் பிரக்கிராசி. தங்கள் ஊரில் வேண்டாமென்று எறிந்த கயிறு எங்கள் ஆளின் கழுத்துக்குச் சரியாம்! தூக்குச் சட்டத்தைக் கப்பலில் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, அதை எடுத்துப்போகக் கப்பல் கிடைக்கவில்லை. சுதந்திரம் வாங்கிய நம்மவர்களும் கயிற்றை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அரைகுறை மனுவை அவசரமாக அனுப்பினோம். மாமாவைத் தூக்கிலிட்டார்கள்.

செய்தி வந்த அன்று மாமி ஒன்றுதான் கேட்டார்: "அங்கத்த மனிசருக்கு மட்டுமோ கழுத்து நோகும்?"

அயலார் கொண்டுவந்த சோற்றை மாமி என்னைக் கூப்பிட்டுப் போட்டுத் தந்தார். ஒரு சொல் ஏசவில்லை. என்மேல் கோபமில்லை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.